இரண்டு கடையில் காட்டிய இலை

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை என்னுடையது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லையிலிருந்து ஒரு இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அதை மேசைமேல் வைத்து, "இன்னா மொதலாளி இது, பாரு" என்பார்கள்.

"வேற எங்கனா காட்டினியா? முன்னாடி எதுனா அடிச்சியா?" என்று கேட்பேன்.

"இல்ல இல்ல, நேரா உங்கிட்டதான் வர்றேன்" என்று சொல்லும்போதே சைக்கிள் ஹேண்டில்பாரில் எதிர்க்கடையின் பை தொங்கும்.

அதே இலை இரண்டு கடை, மூன்று கடை ஏறி இறங்கும். ஒருவன் சொன்னதை இன்னொருவனிடம் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே மருந்தைச் சொன்னால்தான் நம்பிக்கை வரும். அவர்களை நான் குறை சொல்ல முடியாது. எந்தக் கம்பெனி எங்களை வருஷா வருஷம் டூர் அழைத்துப் போகிறதோ அந்தக் கம்பெனி டப்பாதான் என் அலமாரியில் முன்வரிசையில் நிற்கிறது. ஒரு பாட்டில் போதும் என்கிற இடத்தில் இன்னொரு பாட்டிலையும் சேர்த்து எடுத்து வைக்க என் கை பழகியிருக்கிறது. இலை பழுத்துப் போச்சு என்று வருகிறவனுக்கு, என்ன நோய் என்று பிடிபடாவிட்டால், மருந்தோடு கொஞ்சம் யூரியாவையும் கலந்து தெளிக்கச் சொல்லிவிடுவேன். நாலைந்து நாளில் பயிர் பச்சை பிடித்துக்கொள்ளும். அவனுக்கு என்மேல் மரியாதை வரும். வேரில் நோய் இருந்தால் அது வேரிலேயேதான் இருக்கும்.

இந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவன் நான். டாக்டரின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தால் என் கண் முதலில் போவது அவர் மேசைமேல் என்னென்ன இருக்கின்றன என்பதன் மேல்தான். பேனாவில் எந்தக் கம்பெனிப் பெயர், காலண்டரில் எந்த ஸ்கேன் சென்டர் என்று பார்ப்பேன்.

மகளுக்குப் பதினெட்டு வயதில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நெஞ்சுக்குள்ளும் இருந்தது. லிம்ஃபோமா என்று பெயர் சொன்னார்கள். நிணநீர்க் கட்டிகளில் வரும் புற்றுநோய். சென்னைக்கு அழைத்துப்போய் மருந்து ஏற்றினோம். முடி கொட்டியது, பிறகு முன்பைவிடச் சுருட்டையாக முளைத்தது. சரியாகிவிட்டது என்று சென்னை டாக்டர் சொன்னார். சொந்தக்காரர்கள் யாருக்கும் சொல்லவில்லை. டைபாய்டு முற்றிப்போய்விட்டது என்று எல்லோரையும் நம்ப வைத்தோம். கல்யாணமாக வேண்டிய பெண். சொல்லிச் சொல்லி எனக்கே அது டைபாய்டு என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

அதன்பிறகு அவள் டிகிரி முடித்து விழுப்புரத்தில் எம்.எஸ்ஸி. சேர்ந்தாள். தினமும் ரயிலில் போய் வந்தாள். போன வருஷம் ஒரு காலை, விழுப்புரம் ஜங்ஷனில் மேம்பாலப் படி ஏறும்போது மூச்சு வாங்கி நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூடப் போன தோழி பக்கத்தில் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் அங்கிருந்து எனக்கு ஃபோன் செய்தாள். கடையைப் பாதியில் சாத்திவிட்டு பஸ் பிடித்தேன். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு நிறுத்தமும் எனக்கு எதிராக வேலை செய்வதுபோல் இருந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் எக்கோ எடுத்து முடித்திருந்தார்கள். டாக்டரம்மாவுக்கு என் மகளைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். இதயத்தைச் சுற்றி இருக்கிற உறைக்குள் நீர் கோத்திருக்கிறது என்றார். வலது பக்க மேலறையின் சுவரில் ஓர் இடம் தடித்திருக்கிறது, அது இருக்கக் கூடாத ஒன்று என்றார். மகள் தன் பழைய வியாதியை அவரிடம் முன்னமே சொல்லியிருந்தாள்.

"பழைய நோய் ஹார்ட்டுக்கு வந்திருக்குமோன்னு எனக்குச் சந்தேகமா இருக்குங்க. நீங்க தாமதிக்காம பழைய டாக்டரையே பாருங்க. போறதுக்கு முன்னாடி இங்க ஒரு சிடி எடுத்துட்டா அவங்களுக்கும் உதவியா இருக்கும்."

ஸ்கேன் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் மேசையைப் பார்த்தேன். பேப்பர் வெயிட்டில் ஒரு ஸ்கேன் சென்டரின் பெயர் இருந்தது.

"புற்றுநோய் போய் இதயத்துக்கு வருமாங்க? நான் கேள்விப்பட்டதே இல்லியே."

"வரும். அபூர்வம்தான், ஆனா வரும். இதயத்துலயே ஆரம்பிக்கறதைவிட வேற இடத்துல இருந்து அங்க போறதுதான் அதிகம். நிறையப் பேருக்கு வெளிய தெரியறதே இல்ல."

கேள்விப்படாத வியாதியை என் கடையிலும் நான் விற்றிருக்கிறேன். புதுப் பூச்சி ஒன்று வந்திருக்கிறது, பழைய மருந்துக்கு அடங்காது என்று சொல்லிப் புது டப்பாவை எடுத்து வைப்போம். சிடி எடுக்காமல் மகளை எழுப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். திண்டிவனத்தில் ஒரு இதய டாக்டர் இருக்கிறார், வயதானவர், பெயர் உள்ளவர், அவரிடம் காட்டலாம் என்றேன். ஒரு விஷயம், விழுப்புரத்தில் பார்த்ததையோ பழைய வியாதியையோ அவரிடம் நாமாகச் சொல்ல வேண்டாம், அவர் மனசில் எதையும் போடாமல் அவராகவே பார்த்து என்ன சொல்கிறார் பார்ப்போம் என்றும் சொன்னேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "இன்னாப்பா, என்னயும் ரெண்டு கடையில காட்டப் போறியா?"

"ரெண்டு பேரும் ஒண்ணே சொன்னா அப்புறம் ஒத்துக்கறேன்."

"ரெண்டாவது கடைக்காரன் யூரியா குடுத்துட்டான்னா?"

சிரித்தேன். அவள் சிறு பெண்ணாக இருந்த காலத்திலிருந்து என் கடையில் உட்கார்ந்து படித்தவள். எல்லா வித்தையும் தெரியும்.

மறுநாள் மூன்று பேருமாகத் திண்டிவனத்து டாக்டரிடம் போனோம். மனைவி மகளின் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இழுத்து விட்டாள். டாக்டர் பொறுமையானவர். நாடி பிடித்தார், கழுத்து நரம்பைப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார். எக்கோ மெஷினை அவரே ஓட்டினார்.

"முன்னாடி பெரிய வியாதி எதுனா வந்துருக்கா? ஆபரேஷன்?"

"ஒண்ணும் இல்லீங்க சார்."

"கழுத்துல இது இன்னா தழும்பு?"

"சின்ன வயசுல ஒரு கொப்புளம். கீறி விட்டாங்க."

மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். நான் கையை நகர்த்திக்கொண்டேன்.

நீர் இருக்கிறது, சுவரிலும் தடிப்பு இருக்கிறது என்று அவரும் சொன்னார். ஆனால் அவர் தொடர்ந்தார். "பயப்படாதீங்க. இந்த வயசுல, வேற ஒரு வியாதியும் இல்லாத புள்ளைக்கு இப்படி நீர் கோத்துக்கிச்சின்னா நம்ம பக்கத்துல மொதல்ல டிபியத்தான் நினைக்கணும். நுரையீரல்ல வர்ற மாதிரி இங்கயும் வரும். மருந்து இருக்கு. ஊசி போட்டு அந்த நீரை எடுத்துப் பார்த்துட்டா உறுதியாயிடும். அதுக்குப் பெரிய இடம் போகணும்."

"ஊசி இல்லாம பண்ண முடியாதுங்களா சார்? ஹார்ட்டாச்சே."

கொஞ்சம் யோசித்தார். நீரின் அளவு இப்போதைக்கு அவசரமாக எடுக்க வேண்டிய அளவில் இல்லை, டிபி மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம், உறையின் வீக்கம் குறைய இன்னொரு மாத்திரையும் தருகிறேன், மூச்சு அதிகமானால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் கிளம்பிவிட வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் எனக்கு ஆட்டோக்காரரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. டிபி! டிபி என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவனை அந்தத் தெரு பார்த்திருக்காது.

"பாத்தியா, அந்த விழுப்புரத்து டாக்டர் பொண்ணு ஸ்கேனுக்கு அடி போட்டுருக்குது" என்றேன் மனைவியிடம்.

"அந்தம்மாவுக்கு எல்லாத்தையும் சொன்னோம். இவருக்கு ஒண்ணும் சொல்லல. அப்படி இருக்க ரெண்டும் எப்படிங்க ஒண்ணா இருக்கும்?" என்றாள் மனைவி. எனக்குக் கோபம் வந்தது. நல்ல வார்த்தை வந்த நேரத்தில் எதற்கு இந்தப் பேச்சு என்று அடக்கிவிட்டேன்.

மருந்து வேலை செய்தது. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. சில நாட்களிலேயே மூச்சு சீரானது. பசி பிடித்துக்கொண்டது. கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முகம் உருண்டது. மாத்திரையால் சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தும் மனைவி பயந்துபோய், "அப்பவும் இதே மாதிரிதான் செவப்பா போச்சி" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். சென்னையில் ஏற்றிய சிவப்பு மருந்து வேறு, இது வேறு என்று அவளுக்கு விளக்கினேன். மாத்திரை அட்டையில் இருக்கிற சிறிய எழுத்தை எல்லாம் படிக்கிறவன் நான். பூச்சிமருந்து டப்பாவில் படித்துப் பழக்கம். அன்றைக்கு மட்டும் ஓர் அட்டையைப் படிக்கவில்லை. அது என் கையில் இருந்தது. பெயரைப் பார்த்தேன், எங்கேயோ பார்த்த பெயர் என்று தோன்றியது, வைத்துவிட்டேன்.

மயிலம் கோயில் மலைக்குப் போய்ப் படியேறி வந்தோம். மகள் இரண்டு இடத்தில்தான் நின்றாள். மேலே போய்க் காற்றில் துப்பட்டா பறக்க நின்றவளை மனைவி ஃபோனில் படம் எடுத்தாள். அந்தப் படத்தை இன்றைக்கும் நான் திறந்து பார்ப்பதில்லை.

அன்றிரவே விழுப்புரத்து ஆஸ்பத்திரியைப் பற்றிக் கூகுளில் காரமாக நாலு வரி எழுதினேன். ஸ்கேன் எடுக்கப் பயமுறுத்துகிறார்கள், ஜாக்கிரதை என்று. மகள் அதைப் பார்த்துவிட்டாள். "அழிப்பா அதை" என்றாள். எதற்கு என்று கேட்டேன். அவளே என் ஃபோனை வாங்கி அழித்தாள்.

அங்கிருந்துதான் என் சந்தேகம் வீட்டுக்குள் வந்தது. டாக்டர் சொன்னபடி அந்த வீக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்தோம். மகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எதற்கோ கவனமாக இருந்தாள். மாடியில் துணி எடுக்கச் சொன்னால் "அப்புறம் எடுக்கறேன்" என்றாள். படிக்கிறேன் என்று சொல்லிக் கட்டிலில் இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்தே இருந்தாள். ஃபோனில் யாருக்கோ செய்தி அனுப்பினாள். நான் உள்ளே வந்தால் திரையைக் கவிழ்த்தாள். யாரோ ஒரு பையன் என்றுதான் முதலில் நினைத்தேன். நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது. கோபப்பட வேண்டிய அப்பன் நிம்மதிப்பட்டேன். பையனாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது அவள் கூடத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். சோறு அப்படியே இருந்தது. பேசும்போது வாக்கியத்தை நடுவில் நிறுத்தி மூச்சை இழுத்தாள்.

"எவ்ளோ நாளா இப்படி?" என்றேன்.

"மாத்திரையக் கொறைச்சதுல இருந்து."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ மூணாவது கடைக்குக் கூப்ட்டுக்கினு போவ."

அடுப்படியில் மனைவியின் கை நின்றது. மகள் அந்த வீக்க மாத்திரை அட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினாள். "அப்பா, இதைக் கொஞ்சம் நாக்குல வெச்சிப் பாரு."

"எதுக்கு?"

"கசக்கும். தண்ணி குடிச்சாலும் போகாத கசப்பு. நாளெல்லாம் தொண்டையிலயே நிக்கும். சென்னையில மருந்து ஏத்தறப்போ அஞ்சி நாளு, அஞ்சி நாளுன்னு கை நிறைய குடுப்பாங்களே, அதே கசப்புதான். மொத நாளே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. டிபிக்கும் குடுப்பாங்க, அந்தப் பழைய வியாதிக்கும் குடுப்பாங்க. ஸ்டீராய்டாம், நெட்ல பார்த்தேன். எது இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு அடக்கி வெக்குமாம்."

யூரியா என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. மயிலத்துப் படியில் அவள் ஏறியதும், முகம் உருண்டதும், பசித்ததும் எல்லாம் எனக்குத் தெரிந்த பச்சைதான். நான் விற்ற பச்சை.

"அப்போ ஏன்டி அன்னிக்கே சொல்லல?" என்று மனைவி கத்தினாள்.

"அப்பா அவ்ளோ சந்தோஷமா இருந்தாரும்மா. எனக்கும் டிபியா இருந்துடாதான்னு ஆசையா இருந்துச்சி." பிறகு என்னைப் பார்த்து, "சென்னை டாக்டருக்கு நானே வாட்ஸ்அப்ல எல்லாத்தையும் அனுப்பிட்டேன். நாளைக்கு வரச் சொல்லிட்டாரு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பேஜாரா இருந்துச்சி" என்றாள்.

திரையைக் கவிழ்த்தது அந்தச் செய்திகளுக்காகத்தான்.

அன்று மாலை திண்டிவனத்து டாக்டரிடம் நான் மட்டும் போனேன். மாத்திரையை நிறுத்தினால் ஆகுமா, என்ன மருந்து எவ்வளவு கொடுத்தார் என்று எழுதி வாங்க வேண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"கொப்புளம்னு சொன்னீங்களே" என்றார். எழுதிக் கொடுத்தார். சென்னை டாக்டரோடு தானே பேசுவதாகச் சொல்லி நம்பரும் வாங்கிக்கொண்டார். நான் எழுந்தபோது, "சொல்லியிருந்தீங்கன்னா அன்னிக்கே ஊசி இல்லாம முடியாதுன்னு உங்கள அனுப்பியிருப்பேன்யா" என்றார். மேசையைப் பார்க்க நினைத்தேன். கண்ணீரில் எதுவும் தெரியவில்லை.

சென்னையில் நெஞ்சுக்குக் கீழே மெல்லிய குழாய் ஒன்றை விட்டு அந்த நீரை எடுத்தார்கள். டீ டிகாக்ஷன்போல் கறுத்துச் சிவந்து ஒரு பையில் இறங்கியது. இறங்க இறங்க மகளின் முகம் தெளிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீர் பரிசோதனைக்குப் போனது. வந்த முடிவில் புற்றுநோய்ச் செல்கள் உறுதியாகத் தெரியவில்லை என்று இருந்தது.

என் மனம் போன போக்கைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இவ்வளவும் நடந்த பிறகும், திண்டிவனத்து டாக்டர்தான் சரி, இது டிபிதான் என்று மறுபடி கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். சென்னை டாக்டர் என்னை உட்கார வைத்தார். பழைய நாட்களிலிருந்து தெரிந்தவர்.

"அந்த மாத்திரை நோயைக் கொஞ்சம் கரைச்சிருக்கு. அதனால நீர்ல செல் சிக்கல. இல்லன்னு அர்த்தமில்ல, மறைஞ்சிருக்குன்னு அர்த்தம். எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன் ரெண்டும் எடுக்கணும், அந்தத் தடிப்புல இருந்தே துளி சதை எடுத்துப் பார்க்கணும்" என்றார்.

ஸ்கேன் என்ற சொல் இந்தத் தடவையும் என்னைக் குத்தியது. மகள் என் கையைப் பிடித்திருந்தாள். "எடுங்க சார்" என்று அவளே சொன்னாள்.

எடுத்தார்கள். கழுத்து நரம்பு வழியாகக் கம்பி விட்டு இதயச் சுவரிலிருந்து துளி எடுப்பதாகச் சொல்லி அவளை உள்ளே அழைத்துப் போன நேரத்தை இங்கே எழுத எனக்குத் தெம்பு இல்லை. பழைய நோய்தான். கழுத்தில் திரும்ப வராமல், நெஞ்சில் திரும்ப வராமல், இதயத்தின் சுவரிலும் உறையிலும் வந்து உட்கார்ந்திருந்தது. விழுப்புரத்து டாக்டரம்மா முதல் நாள் காட்டிய அதே இடம்.

இடையில் போன வாரங்களால் என்ன கெட்டது என்று கேட்டேன். "அதைக் கணக்குப் பார்க்காதீங்க. இப்ப பார்த்த வரைக்கும் மருந்துக்கு அடங்கற நோய்தான்" என்றார் டாக்டர். அதை நான் இன்னும் நம்பவில்லை. நல்ல மனிதர், எனக்காகச் சொல்கிறார் என்றுதான் படுகிறது.

மருந்து ஏற்றத் தொடங்கி இப்போது பாதி வழியில் இருக்கிறோம். முடி மறுபடி போய்விட்டது. சொந்தக்காரர்கள் கேட்டால் மனைவி இந்த முறை வியாதியின் பெயரைச் சொல்லிவிடுகிறாள். ஒன்றிரண்டு வீடுகள் பேச்சைக் குறைத்துக்கொண்டன. கடையில் யாராவது இலையோடு வந்தால் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரச் சொல்கிறேன். முனகிக்கொண்டே எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள்.

ஒவ்வொரு தடவையும் சென்னைக்கு வந்து அலைய வேண்டாம், நடுவில் ஓர் எக்கோவைப் பக்கத்திலேயே எடுத்து அனுப்புங்கள் என்று சென்னை டாக்டர் சொன்னார். எங்கே எடுப்பது என்று மகளிடம் கேட்டேன். "படத்தை மொதல்ல பாத்தது அவங்கதானே, அங்கயே போலாம்" என்றாள்.

போன வாரம் விழுப்புரம் போனோம். டாக்டரம்மாவுக்கு எங்களை ஞாபகம் இருந்தது. அழித்த வரிகளைப் படித்திருப்பாரோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். எல்லாக் காகிதங்களையும், திண்டிவனத்துச் சீட்டு உட்பட, அவர் மேசைமேல் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். திண்டிவனத்துச் சீட்டில் கொஞ்ச நேரம் நின்றார்.

மகளைப் படுக்க வைத்து நெஞ்சில் ஜெல் தடவிக் கருவியை வைத்தார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்பு வெள்ளையில் ஏதோ திறந்து மூடிக்கொண்டிருந்தது. எனக்கு அதில் எதுவும் பிடிபடாது. நான் திரையைப் பார்க்காமல் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு அசைகிறதா, புருவம் ஏறுகிறதா, நர்ஸைப் பார்த்து ஏதாவது ஜாடை காட்டுகிறாரா என்று.

"நீர் ஏறக்குறைய இல்ல. தடிப்பு பாதியா கொறைஞ்சிருக்கு. இருக்கு, ஆனா கொறைஞ்சிருக்கு" என்றார்.

"நெஜமாங்களா?"

"நெஜமாத்தான் சார். இங்க பாருங்க" என்று ஓர் இடத்தில் விரல் வைத்தார். பார்த்தேன். அவர் விரல் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

மகள் படுத்தபடியே தலையைத் திருப்பினாள். மொட்டைத் தலையில் கட்டியிருந்த துணி நழுவியிருந்தது. "இன்னாப்பா, போற வழியில திண்டிவனத்து டாக்டருகிட்டயும் ஒரு தடவ காட்டிட்டுப் போலாமா?" என்றாள்.

டாக்டரம்மாவுக்கு எதுவும் புரிந்திருக்காது. இருந்தாலும் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். "இன்னொரு வாட்டி காட்டுங்க டாக்டர், அந்த எடத்த" என்று கேட்டேன். அவர் திரும்பவும் விரல் வைத்தார்.